உழாமல் விதைத்தால் கோதுமை விளைச்சல் குறையுமா? நம் கரிசல் காட்டுக்கு அது ஆகுமா?

உடுமலைப்பேட்டைப் பக்கம் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் மாற்றி மாற்றிச் செய்துவரும் ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது: "இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குளிர்காலக் கோதுமையை உழாமலேயே விதைக்கிறார்கள். விளைச்சல் கூடுகிறது என்று ஒரு சாராரும் குறைகிறது என்று மறு சாராரும் ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? நம் காட்டில் உழவை நிறுத்திப் பார்க்கலாமா?"

இரு சாராரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வேறு வேறு நிலங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். உழவு என்பது தன்னளவில் விளைச்சலைக் கூட்டுவதோ குறைப்பதோ கிடையாது. ஒரு நிலத்தில் பயிருக்கு எது தட்டுப்பாடாக இருக்கிறதோ, அது ஈரமாகவோ வேருக்குக் காற்றாகவோ தப்பிப்போன விதைப்புப் பட்டமாகவோ களையின் போட்டியாகவோ இருக்கட்டும், அந்தத் தட்டுப்பாட்டை உழவு தீர்க்கிறதா இல்லை பெருக்குகிறதா என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. கோதுமையில் கிடைத்த எண்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவை ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றாது.

முதலில் பயிரைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்க நடுச் சமவெளியிலும் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து அடுத்த கோடையில் அறுக்கும் பயிரே குளிர்காலக் கோதுமை. சில வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் அது கதிர் விடும். ஒன்பது பத்து மாதம் நிலத்தில் நிற்கும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுப்பது குளிர்ப் பருவத்தில் வளர்ந்தாலும் அந்த வகையைச் சேர்ந்ததன்று. கடுங்குளிர் தேவைப்படாத, ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும் கோதுமை அது. நமக்குப் பக்கத்தில் நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் துருநோய் எதிர்ப்பை ஆராய்ந்து வருவதும் இந்த வகைக் கோதுமையில்தான். இந்த வேறுபாடு உழவுக் கணக்கில் முக்கியமானது. நிலத்தில் நெடுநாள் நிற்கும் பயிருக்கு, தொடக்கத்தில் முளைப்பு சற்று மந்தமானாலும், தூர் கட்டி ஈடுசெய்துகொள்ளவும் வேரை ஆழத்துக்கு அனுப்பவும் அவகாசம் இருக்கிறது. குறுகிய காலப் பயிருக்கு அந்த அவகாசம் கிடையாது.

உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளைத்தான் இரு சாராரும் பெரும்பாலும் காட்டுகிறார்கள். முதலாவதில் 63 நாடுகளில் 48 பயிர்களில் நடந்த 610 சோதனைகள் சேர்க்கப்பட்டன. உழவில்லா விதைப்பில் எல்லாப் பயிர்களையும் சேர்த்துச் சராசரியாக 5.7 சதம் விளைச்சல் குறைந்திருந்தது. உழவை மட்டும் நிறுத்திவிட்டு, அறுவடைக்குப் பின் நிலத்தில் மிஞ்சும் அரிதாளையும் அகற்றி, பயிர் சுழற்சியும் செய்யாத இடங்களில் இழப்பு 9.9 சதம், தாளை நிலத்திலேயே விட்டுப் பயிரையும் மாற்றிய இடங்களில் 2.5 சதம் மட்டுமே. வறண்ட பகுதிகளில், பாசனம் இல்லாத மானாவாரியில், உழாமை, தாள், பயிர் சுழற்சி மூன்றையும் சேர்த்துச் செய்தபோது விளைச்சல் 7.3 சதம் கூடியிருந்தது. பயிர்வாரியாகப் பிரித்துப் பார்த்த இரண்டாவது ஆய்வில் கோதுமைக்கு இழப்பு 2.6 சதம், நெல்லுக்கு 7.5, மக்காச்சோளத்துக்கு 7.6. முதல் ஓரிரு ஆண்டுகளில் காணும் இழப்பு, மூன்றாம் ஆண்டு தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலான பயிர்களில் மறைந்துவிடுகிறது என்றும், ஈரமான தட்பவெப்பத்தில் விளையும் கோதுமையும் மக்காச்சோளமும் இதற்கு விலக்கு என்றும் அதே ஆய்வு கூறியது. கூடுகிறது என்பவர் 7.3 என்ற எண்ணையும் குறைகிறது என்பவர் 9.9 என்ற எண்ணையும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கிடப்பவை தாளும் மழையும்தான்.

ஈரமான நாட்டில் ஏன் குறைகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் வளைபலகைக் கலப்பையால் எட்டு முதல் பத்து அங்குலம் வரை மண்ணைப் புரட்டிப் போடுவது நெடுநாள் வழக்கம். 1960-களில் பாராகுவாட் களைக்கொல்லி விற்பனைக்கு வந்த பிறகுதான் உழாமல் நேரடியாக விதைப்பது அங்கே பரவலாகச் சாத்தியமாயிற்று. சுண்ணாம்பு கலந்த, தானாகவே பொலபொலப்பாகும் களிமண்ணில் குளிர்காலக் கோதுமை உழவில்லாமலும் ஏறக்குறைய அதே விளைச்சலைக் கொடுத்தது. வடிகால் சரியில்லாத நிலத்திலும், கட்டுமானம் இல்லாமல் இறுகிப்போகும் மணல் சார்ந்த நிலத்திலும் கொடுக்கவில்லை. தாள் மூடிய ஈர மண் குளிர்ந்தே கிடக்கும். அதில் தழைச்சத்து வெளிப்படுவது தாமதமாகும். ஓடில்லா நத்தைகள் தாளுக்கடியில் பெருகி முளையைத் தின்றுவிடும். முந்தைய பயிர் மக்காச்சோளமாக இருந்தால் அதன் தட்டையில் தங்கும் பூசணம் கோதுமைக் கதிரைத் தாக்கும். இவற்றைவிடப் பெரிய தொல்லை பிளாக்கிராஸ் என்னும் புல்லினக் களை. உழாத நிலத்தில் அதன் விதை மேல்மண்ணிலேயே கிடந்து கோதுமையோடு சேர்ந்து முளைக்கிறது. களைக்கொல்லிகளுக்கு எதிர்ப்பும் பெற்றுவிட்டது. ஆகவே அங்கே பல பண்ணையாளர்கள் உழவை முற்றாகக் கைவிடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆழமாகப் புரட்டி அந்த விதையைப் புதைத்துவிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் மேலாக மட்டும் கிளறுகிறார்கள். கொள்கை பேசுபவர்களுக்கு இது அரைகுறையாகத் தெரியலாம். எனக்கு இதுதான் அனுபவம் உள்ளவன் செய்யும் காரியமாகப் படுகிறது.

அமெரிக்க நடுச் சமவெளியின் மேற்குப் பகுதியில் கதை தலைகீழ். 1930-களில் புழுதிப் புயல்கள் எழுந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போன நாடு அது. அங்கே மழை குறைவு. ஒரு கோதுமையை அறுத்தபின் அடுத்த விதைப்பு வரை ஓராண்டுக்கு மேல் நிலத்தைத் தரிசாகப் போட்டு, அந்த இடைக்காலத்தில் பெய்யும் மழையை மண்ணுக்குள் சேமித்து, அதை நம்பி அடுத்த கோதுமையை விதைப்பது வழக்கம். தரிசுக் காலத்தில் களைக்காகக் கலப்பை ஓட்டும் ஒவ்வொரு முறையும் கீழே இருந்த ஈரமண் மேலே வந்து வெயிலில் காய்கிறது. அரிதாளை நிறுத்தி வைத்து, உழாமல், களையை வேறு வழியில் அடக்கியபோது பனி தாளில் சிக்கித் தங்கியது. காற்று தரையைத் தொடவில்லை. மழைநீர் ஓடாமல் உள்ளே இறங்கியது. சேமிப்பாகும் ஈரம் கணிசமாகக் கூடியதால், மகசூலும் கூடியது. பல இடங்களில் தரிசுக் காலத்தைக் குறைத்து இடையில் இன்னொரு பயிரே எடுக்க முடிந்தது.

ஹரியானாவிலோ காரணம் வேறு. நெல் அறுத்த நிலத்தைப் பல சால் உழுது பண்படுத்துவதற்குள் கோதுமைக்குரிய பட்டம் கழிந்துவிடும். நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் விளைச்சலில் ஏறக்குறைய ஒரு சதத்தைத் தின்கிறது. பால் பிடிக்கும் நேரத்தில் மார்ச் மாத வெப்பம் வந்துவிடுவதே காரணம். உழாமல் ஒரே ஓட்டில் விதைத்தபோது அந்த நாட்கள் மிச்சமாயின, டீசலும் மிச்சமாயிற்று. 1990-களில் ஐசோபுரோட்டூரான் களைக்கொல்லிக்கு அடங்காமல் போன குல்லி தண்டா என்ற களையும், மண் கலைக்கப்படாததாலும் பயிர் முந்திக்கொண்டதாலும் குறைவாகவே முளைத்தது. அங்கே உழவில்லா விதைப்பு பரவியதற்கு மண் வளம் பற்றிய அக்கறையைக் காட்டிலும் இந்த இரண்டு நெருக்கடிகளே காரணம். பின்னர் ஹேப்பி சீடர் கருவி வந்து, நிற்கும் வைக்கோலை எரிக்காமலேயே ஊடே விதைக்க வழி செய்தது. இங்கிலாந்தில் களையைப் பெருக்கிய அதே முறை ஹரியானாவில் களையைக் குறைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த ஊர் அனுபவத்தையும் அப்படியே பெயர்த்துவந்து நட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனி நம் காட்டுக்கு வருவோம். கிழக்கு இங்கிலாந்தின் கோதுமைப் பகுதிகளில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர். கோவையின் சராசரியும் கிட்டத்தட்ட அதுவே. மழைக்கணக்கை மட்டும் பார்த்தால் நாமும் அவர்களும் ஒன்று. ஆனால் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் தூறலாகப் பிரிந்து விழுவது, நமக்கு ஐப்பசி கார்த்திகையில் சில கன மழைகளாகக் கொட்டிவிடுகிறது. அவர்களிடம் நீராவியாகப் போவது கொஞ்சம், நம்மிடமோ வெயிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்து பெய்ததைவிடப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சத் தயாராக நிற்கின்றன. எனவே உடுமலை, குடிமங்கலம், பல்லடம், தாராபுரம் காடுகளுக்கு அமெரிக்கச் சமவெளியின் பாடமே பொருந்தும். இங்கிலாந்தின் பாடம் பொருந்தாது. ஐப்பசி மழையில் விதைத்து, பிறகு மழையே இல்லாமல் மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தையும் பனியையும் நம்பி மாசியில் அறுக்கும் உங்கள் கொண்டைக்கடலையும், பக்கத்துக் காட்டுக் கொத்தமல்லியும், தன்மையில் அந்தச் சமவெளிக் கோதுமைக்கு நெருங்கிய பயிர்கள்.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது. அமெரிக்கனிடம் தாள் இருக்கிறது, நம்மிடம் இல்லை. சோளத்தட்டு இங்கே கழிவன்று. காங்கேயம் மாட்டுக்கும் எருமைக்கும் கோடைத் தீவனம் அதுதான், பல வீடுகளில் தானியத்தைவிடத் தட்டுப் போர்தான் பெரிய சொத்து. தட்டையும் அறுத்து, அடிக்கட்டையையும் ஆட்டுக்கு விட்டு, மொட்டையாகக் கிடக்கும் நிலத்தில் உழவையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன 9.9 சத இழப்புதான் பதில். செம்மண் காட்டில் அதைவிட மோசமாகவும் ஆகலாம். செவல் மண் முதல் மழையிலேயே மேலே ஓடுபோல இறுகிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நிலத்தில் சித்திரையில் கோடை மழைக்குச் சரிவுக்குக் குறுக்காக ஓட்டும் உழவு, மழையை வாங்கிக்கொள்ள வாய் திறந்து வைக்கும் காரியம். சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பழமொழி செவல் காட்டுக்கு இன்றும் பொய்யாகவில்லை. கரிசலுக்கு அந்த அவசரம் குறைவு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துத் தானே வாய் திறந்துகொள்ளும் மண் அது. முதல் மழை அந்த வெடிப்புகளின் வழியே நேராக அடிமண்ணுக்குப் போய்ச் சேரும். பங்குனியில் அதைப் புழுதியாக்கி வெடிப்பை மூடிவிடுவதால் என்ன லாபம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். களை அழிப்பதைத் தவிர வேறு லாபம் தெரியவில்லை.

நம் பகுதியில் விளைச்சலைத் தின்னும் உழவுக் கருவி எது என்று கேட்டால், தயங்காமல் டிராக்டரில் பூட்டி ஓட்டும் சுழல்கத்திக் கருவியான ரொட்டவேட்டர் என்று சொல்வேன். கருவி கெட்டதில்லை, பயன்படுத்தும் விதம் கெட்டது. ஒரே ஓட்டில் மாவாக அரைத்துத் தருகிறது, பார்க்க அழகாக இருக்கிறது, வாடகை டிராக்டர்காரருக்கும் வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் அதன் கத்தி நான்கைந்து அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அதே ஆழத்தில், அதுவும் ஈரம் சற்று மிகுந்த பதத்தில் ஓட்டும்போது, கத்தி தடவிச் செல்லும் மட்டத்தில் மண் அழுந்தி ஒரு தகடு உருவாகிறது. இதை நேரில் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மக்காச்சோளம் நிற்கும் காட்டில் ஒரு செடிக்கு ஒட்டினாற்போல ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, குழியின் ஒரு சுவரைப் பேனாக்கத்தி நுனியால் மேலிருந்து கீழாக மெல்லக் கீறி வாருங்கள். மேல்மண்ணில் கத்தி தடையில்லாமல் இறங்கும். ஐந்தாறு அங்குலத்தில் நின்று வழுக்கும். அந்த இடத்தில் மண்ணைப் பெயர்த்தால் உருண்டையாக வராமல் பலகைத் துண்டு போல் பக்கவாட்டில் பெயரும். செடியின் வேர் அதுவரை நேராக வந்து, அந்த மட்டத்தைத் தொட்டவுடன் மடங்கிப் படுத்துப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். அதற்குக் கீழே ஈரம் இருந்தும் செடி பகலில் வாடி நிற்பதன் காரணம் இதுவே. ரொட்டவேட்டருக்கு இன்னொரு குற்றமும் உண்டு: அருகம்புல்லின் கிழங்குத் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் காடு முழுக்கப் பரப்பிவிடும், ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடியாகிவிடும்.

இந்தத் தகட்டை உடைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது உளிக் கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒருமுறை நீளவாட்டிலும் அதற்குக் குறுக்காக மறுமுறையும் ஓட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதோடு எக்டருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு ஐந்து டன், தொழு உரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ இட வேண்டும். மேலாக இறுகிய மண்ணில் இதனால் ஏறக்குறைய 30 சதம் கூடுதல் விளைச்சல் கிடைக்கும் என்பது அந்தப் பரிந்துரையில் உள்ள கணக்கு. உளிக் கலப்பை மண்ணைப் புரட்டாது. கீறிப் பிளந்துவிட்டு மேல்மண்ணை மேலேயே விட்டுவிடும். காய்ந்த பதத்தில் ஓட்டினால்தான் பாளம் நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போல ஒரு கோடு விழுந்து, அடுத்த மழையில் மூடிக்கொள்ளும். இதற்காக டிராக்டர் வாடகை கொடுப்பவர்கள் மண் காய்ந்திருக்கிறதா என்பதைத் தாங்களே குழி எடுத்துப் பார்த்த பிறகு வண்டியை வரச் சொல்வது நல்லது. தகடே இல்லாத நிலத்தில் உளிக் கலப்பை ஓட்டுவது டீசலுக்குக் கேடு. 'அகல உழுவதை விட ஆழ உழு' என்ற முன்னோர் வாக்கையும் இந்த நிபந்தனையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உழவை முற்றாக நிறுத்துவதில் உங்கள் மக்காச்சோளத்துக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு, இலைக் குருத்தைத் தின்று வளர்ந்தபின் மண்ணுக்குள் இறங்கிச் சில அங்குல ஆழத்தில்தான் கூட்டுப்புழுவாகிறது. கடைசி உழவில் அது மேலே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகும். ஆழமாக உழுது எக்டருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடச் சொல்வது இதனால்தான். மக்காச்சோளத்தின் மேல் மக்காச்சோளம் செய்பவர் உழவை நிறுத்தினால் இந்த வாய்ப்பை இழக்கிறார். நீங்கள் இடையில் கொண்டைக்கடலை போடுகிறீர்கள் என்பது உங்களுக்குச் சாதகம். புல்லினங்களையே பெரிதும் நாடும் படைப்புழுவுக்கு அங்கே உணவு அறுந்துபோகிறது. அடுத்த சிக்கல் களை. உழவில்லா முறை எங்கே வெற்றி பெற்றதோ அங்கெல்லாம் களைக்கொல்லியின் துணையோடுதான் வெற்றி பெற்றது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி 2022-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதை நம்பி ஒரு சாகுபடி முறையையே மாற்றுவது நான் பரிந்துரைக்கக்கூடியதன்று. கோரை மண்டிய காட்டைப் பொறுத்தவரை, சித்திரை வெயிலில் சட்டிக் கலப்பையால் ஆழமாகப் புரட்டிக் கிழங்கைக் காயவிடுவதற்கு ஈடான மருந்தை நான் பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது இதுதான். ஆவணி, புரட்டாசியில் மக்காச்சோளம் விதைக்கும் ஆண்டில் உழவு இருக்கட்டும். ஐந்து கொத்துக் கலப்பையால் கோடையில் ஒன்று, விதைப்புக்கு முன் ஒன்று போதும், ரொட்டவேட்டர் வேண்டாம். குழியில் தகடு தெரிந்தால் மட்டும் அந்தக் கோடையில் உளிக் கலப்பை. மக்காச்சோளக் கதிரை ஒடித்தபின் தட்டையை மாட்டுக்குத் தேவையான அளவு எடுத்துக்கொண்டு மீதியை எரிக்காமல் சாய்த்துப் பரப்பி விடுங்கள். சோளத்தட்டைப் போல அதை மாடு விரும்பித் தின்பதில்லை என்பதால், நம் பகுதியில் மூடாக்குக்கு மிஞ்சக்கூடிய தாள் அது ஒன்றுதான். அடுத்து வரும் ஐப்பசியில் அந்தத் தாளுக்கு ஊடே, உழாமல், விதைக் கருவியால் கொண்டைக்கடலையை விதைத்துப் பாருங்கள். கை விதைப்பாகத் தூவிவிட்டால் விதை தாளின் மேலேயே நின்று பறவைக்குப் போய்விடும். ஈரமண்ணைத் தொடும்படி இரண்டு அங்குல ஆழத்தில் விழ வேண்டும். முதல் ஆண்டில் தாள் மக்கும்போது தழைச்சத்தைச் சற்றுப் பிடித்துக்கொள்ளும். கடலை தன் வேர் முடிச்சால் அதை ஓரளவு சமாளிக்கும், ஆனால் விதையை ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து நேர்த்தி செய்துகொள்வது பாதுகாப்பு.

முழுக் காட்டிலும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டாம். மண்ணும் சரிவும் ஒரே மாதிரி உள்ள இடத்தில், காட்டின் நீளத்துக்கு, உழுத பட்டை ஒன்று உழாத பட்டை ஒன்று என்று மாற்றி மாற்றிக் குறைந்தது ஆறு பட்டைகள் போட்டு, மூன்று ஆண்டுகளாவது அதே பட்டைகளில் அதே முறையைத் தொடருங்கள். முதல் ஆண்டுக் கணக்கை வைத்து முடிவுக்கு வருவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு. கோயம்புத்தூரில் இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழக நிலத்தில் 1909-இலும், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்காலக் கோதுமையில் 1843-இலும் தொடங்கிய உரச் சோதனைகள் இன்றும் மதிப்புடன் இருப்பதற்குக் காரணம், அதே நிலத்தில் அதே முறையை விடாமல் தொடர்ந்தது. மழை குறைந்த ஆண்டையும் நன்றாகப் பெய்த ஆண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பூக்கும் தருணத்தில் இரு வகைப் பட்டையிலும் ஓரடி ஆழத்து மண்ணைப் பிடித்து உருட்டிப் பார்த்து ஈரத்தைக் குறித்து வையுங்கள். அறுவடையில் எடை போடும்போது ஒவ்வொரு பட்டையின் ஓரச் சால்களைத் தள்ளிவிட்டு நடுச் சால்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளுவை வேலியின் ஓரமாக அமையும் பட்டையை எடைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், வேலி வேர் உறிஞ்சும் ஈரம் உழவின் விளைவை மறைத்துவிடும்.